வீட்டுக்கும் தொரைக்கும் ஒரு ஆள்

1

“ஒரு நாயைப் பாத்துக்க ஆளு புடிக்கத் துப்பில்ல. இவ அம்மாவைக் காப்பாத்தப் போறாளாம்.”

போன வருஷம் ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால் என் மாமா ஏகாம்பரம் சொன்னது இது. அம்மாவின் தம்பி அவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், நான் கேட்கும் தூரத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துச் சொன்னார்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கோவளம் போகும் வழியில் உள்ள குப்பம் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மாமா மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செங்கல்பட்டில் விடுதியில் தங்கிப் படித்தேன், நர்ஸ் ஆனேன், இங்கிலாந்துக்கு வந்தேன். இவற்றில் எதையும் மாமா இன்னும் மன்னிக்கவில்லை.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பூனை. எங்கள் வார்டின் மூத்த நர்ஸ் மார்கரெட் இரண்டு வாரம் ஸ்பெயினுக்குப் போயிருக்கிறாள். போகுமுன் என்னிடம் மூன்று கேள்வி கேட்டாள். பூனைக்குச் சாப்பாடு வைப்பாயா? செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாயா? மாடி ஜன்னலை இரவில் மூடிவிடுவாயா? மூன்றுக்கும் சரி என்றேன். அவ்வளவுதான், முழு வீட்டின் சாவி என் கைக்கு வந்துவிட்டது. நான் யார், என் அப்பா யார், என் குணம் எப்படி என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. அவளுக்குப் பெரிய மகன் ஒருவன் பக்கத்து ஊரிலேயே இருக்கிறான். அவனிடம் சொல்லலாமே என்றேன். “அவனுக்கு அவன் வேலை” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் பூனையை எந்த மொழியில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வார்டில் டாக்டர்களிடம் தடுமாறாமல் பேசுகிறவளுக்குப் பூனையிடம் நாக்கு எழவில்லை. கடைசியில், “இன்னா, துன்றியா?” என்றேன். சோபாவுக்கு அடியிலிருந்து வந்துவிட்டது. நான்தான் தட்டை வைத்த இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டது என் குரல் அல்ல. அம்மாவின் குரல்.

2

அம்மா பெயர் கன்னியம்மா. அப்பா போன பிறகு கருவாடு போட்டு விற்று என்னைப் படிக்க வைத்தவள். கூட இருந்தது ஒரு நாய். வெளுப்பும் செம்பட்டையுமாக இருக்கும்; நான் வெள்ளைக்காரர் நாட்டுக்குப் போன வருஷம் குட்டியாக வந்து சேர்ந்தது. அதனால் அதற்குத் ‘தொரை’ என்று பெயர். “என் பொண்ணு தொரைங்களுக்கு ஊசி போடுறா, நான் தொரைக்கு சோறு போடுறேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாளாம்.

போன வருஷம் விடுப்பில் ஊருக்குப் போய்ப் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அம்மா சாலைவரை வந்து நின்றிருந்தாள். கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. கட்டிக்கொண்டபோது புடவைக்கு மேலேயே வயிற்றில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. எனக்கு வேலையே அதுதான். கை தானாகத் தெரிந்துகொள்கிறது.

“வயித்துல சின்னக் கட்டிம்மா. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துடலாம்” என்றேன்.

“எடுத்துக்கலாம். வூட்டை யாரு பாத்துக்குவா? தொரையை யாரு பாத்துக்குவா?”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அந்திக்கு விளக்கு ஏற்ற ஆள் இல்லாமல் வீட்டைப் போட்டுவிட்டு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் நினைத்த மாதிரி ஆள் கிடைத்தால்தான் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு நாளும் கண்ணின் மஞ்சள் கூடிக்கொண்டே வந்தது. நான் ஆள் தேடக் கிளம்பினேன்.

இங்கே மார்கரெட்டுக்கு மூன்று கேள்வி போதுமாக இருந்தது. அம்மாவின் கேள்விகளுக்கு முடிவே இல்லை.

பக்கத்து வீட்டுத் தனத்திடம் கேட்டேன். நான் பழக்கத்தில் ‘தேங்க்ஸ்’ சொல்லிவிட்டேன். “இன்னாடி இவ, இன்னும் ஒண்ணுமே செய்யல, அதுக்குள்ள தாங்ஸுன்றா. அதுக்கு நான் இன்னா சொல்லணும், வெல்கமா?” என்று சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “அவளா? ஒரு தரம் பாய் விரிச்சான்னா சுருட்ட மாட்டா. நான் திரும்பி வந்தா என்னியே யாரு நீன்னு கேப்பா.”

மாமல்லபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர், அமைதியான மனிதர், மனைவி இல்லை. கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று உடனே வந்தார். அம்மா அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“மீனு துன்னுவீங்களா?”

“சைவம்மா.”

“தொரை மீனு இல்லாம சோத்த மோந்துகூடப் பாக்காது, அய்யா.”

“தயிர் சாதம் பிசைந்து வைத்தால்...”

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பெரியவர் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். தொரை அவரைச் சாலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது.

அன்று சாயங்காலம்தான் மாமா கரையில், நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார். அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது தலையைக் குனியாமல் நடந்தேன். அதுதான் என்னால் முடிந்தது.

3

ஜைபூம்மாவை நான் நினைக்கவே இல்லை. கோவளத்திலிருந்து வாரம் ஒரு தரம் வந்து அம்மாவிடம் கருவாடு வாங்கிப் போகிறவள். புருஷன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டில் ஒரு மூலையில் இருந்தாள். அவளும் அம்மாவும் பேசி நான் கேட்டதில்லை. சண்டை போட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அந்த வாரமும் வந்தாள். கூடையை இறக்குமுன்பே ஆரம்பித்தது.

“இன்னா கன்னிம்மா, இது கருவாடா மணலா? அரைக் கூடை கடல்மண்ணையே அள்ளிப் போட்டு வெச்சிகீறே.”

“வேணாம்னா போ. உன்னிய யாரு வெத்தல பாக்கு வெச்சிக் கூப்டா?”

“போறேன்டி. போவறதுக்கு முன்னால சொல்லு, இன்னாத்துக்கு மூஞ்சி மஞ்சக்கிழங்காட்டம் கீது?”

நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி, வீடு, நாய், கிடைக்காத ஆள் எல்லாவற்றையும் சொன்னேன். ஜைபூம்மா கருவாட்டைத் தட்டித் தட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“நான் இருந்தா ஆவாதா?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“நாயத் தொட மாட்டேன்” என்று அவளே தொடர்ந்தாள். “எச்சி பட்டா நான் கழுவிக் கழுவி மாளணும். சோறு போடுறேன். மீன் தலை போடுறேன். அது வாசல்ல, நான் உள்ள. அதுக்கு சம்மதம்னா எனக்கு சம்மதம்.”

“அந்திக்கு வெளக்கு வைக்கணும்.”

“வைக்கிறேன். உன் சாமிக்கு இல்ல, இருட்டுக்கு.”

அம்மா சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். உடனே உத்தரவுகள் தொடங்கின. கெளுத்தித் தலையைப் போடாதே, முள்ளு தொண்டையில் நிற்கும். சங்கரா தலை போடு. மழை தூறினால் கிழக்கு மூலையில் சட்டி வை, ஓலை ஒழுகும். காக்கி உடுப்பைக் கண்டால் தொரை குரைக்கும், தபால்காரர் வந்தால் நீ முன்னால் போய் நில். ஜைபூம்மா ஒவ்வொன்றுக்கும் ‘தெரியும் போ’ என்றாள். பாதி அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. எத்தனையோ வருஷமாக வாராவாரம் அந்த வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டவள் அல்லவா.

வெற்றி எனக்குத்தான் என்று நினைத்தேன்.

4

ஒரு தடங்கல் மிச்சமிருந்தது. எங்கள் குப்பத்தில் ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குக் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் பத்தாம் நாள்வரை ஊருக்குள் இருப்பவர் வெளியே இரவு தங்கக் கூடாது. வெளியே போனவர் உள்ளே வந்து தங்கக் கூடாது. காப்பு கட்டும்போது யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான். வெளியூர்க்காரர் உள்ளே இருந்துவிட்டாலும் அதே சட்டம். அதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

நான் அம்மாவிடம் திருவிழாவை முடித்துவிட்டே போகலாமா என்று கேட்டேன். உடம்பு தாங்காது என்று தெரிந்தும் கேட்டேன். தேர் பார்க்காமல் அவள் இருந்ததே இல்லை. அம்மா ஒரேயடியாக மறுத்தாள்.

“காப்புக்கு முன்னால போயிடணும். ஜைபூனு மனசு மாறிட்டா?”

ஊர்த் தலைவரான நாட்டாரிடம் அவளே போய்ப் பேசினாள். “அந்தம்மா வேற மதம். பத்து நாளும் இருந்தே ஆவணுமே, இருப்பாங்களா?” என்று அவர் கேட்டாராம். ஜைபூம்மா பின்னாலேயே போய், “தம்பி வூட்ல இருந்து பத்து நாளு தப்பிச்சா எனக்குப் பெருநாளு மாதிரிதான் நாட்டாரே” என்றாளாம். அவர் ஒத்துக்கொண்டார்.

காப்பு கட்டுவதற்கு முந்தின நாள் விடிகாலையில் கிளம்பினோம். கவிழ்த்து வைத்திருந்த கட்டுமரத்தின் நிழலில் தொரை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எழுப்பப் போனேன்.

“எழுப்பாதே. தூங்கட்டும்.”

மாமா வாசலில் நின்றார். அம்மா நின்று, “வரேன்டா ஏகாம்பரம்” என்றாள். அவர் “ம்” என்றார். அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். வழக்கமாகக் கூடையோடு போகும்போது கண்டக்டர் பின்னால் தள்ளிவிடுவார். “ஜன்னல் சீட்டு இன்னிக்குத்தான் கெடச்சிது” என்றாள்.

ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி அந்த வார்டிலேயே இருந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றைத் திறப்பதில் பயனில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அது தெரியாத செய்தி அல்ல. நம் ஆள் விஷயத்தில் நாம் கற்றது தவறாக இருக்க வேண்டும் என்று மனது ஆசைப்படுகிறது.

மறுநாள் இரவு சாப்பாட்டு நேரத்தில் அம்மா கேட்டாள்.

“இன்னிக்குக் காப்பு கட்டியிருப்பாங்க இல்ல?”

“கட்டியிருப்பாங்கம்மா.”

“அப்பாடா” என்று தலையணையில் சாய்ந்தாள்.

“இன்னாம்மா?”

“இனிமே பயமில்ல. காப்பு கட்டுனப்பறம் நான் ஊருக்குள்ள கண்ண மூடிட்டா ஊரு திருவிழாவே நின்னு போவும். கூழு ஊத்த மாட்டாங்க, தேரு கெளம்பாது. வருசமெல்லாம் கடலுக்குப் போயி சேத்த காசு. எல்லாரும் என் வூட்டைப் பாத்துப் பாத்து மண்ணு தூத்துவாங்க. எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?”

காப்பின்போது ஊருக்குள் சாவு விழுந்தால் திருவிழா நின்றுவிடும் என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. நான் ஒரு நல்ல ஆளைத் தேடிக் கொடுத்ததால் அவள் வைத்தியத்துக்குக் கிளம்பினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஊரைவிட்டு வெளியே சாவதற்காகக் கிளம்பியிருக்கிறாள். அதற்கு முன்னால் வீட்டுக்கும் நாய்க்கும் ஒரு ஆள் மட்டும் அவளுக்குத் தேவைப்பட்டது.

“உனக்கு யாரும்மா சொன்னா?”

“யாரு சொல்லணும்? என் வயிறு தானே.” பிறகு, “சோத்தத் துன்னு கஸ்தூரி, ஆறுது” என்றாள்.

5

மூன்றாம் நாள் மதியம் அம்மா போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாடி நின்றதை நானேதான் பார்த்தேன்.

ஊருக்குச் சொல்ல முடியாது. காப்பு கட்டிய ஊருக்குள் சாவுச் சேதி போகக் கூடாது. உடம்பையும் கொண்டுபோக முடியாது. என்னோடு படித்தவளும் வார்டு ஆயா ஒருத்தியும் கூட வந்தார்கள். பாலாற்றுப் பக்கத்துச் சுடுகாட்டில் வெட்டியான் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?”

“இல்ல.”

“கொள்ளி யாரு வைக்கிறது?”

“நான்தான்.”

அவன் மற்றதை எப்படிச் செய்வது என்று மெதுவாகச் சொல்லிக் கொடுத்தான். கடலோரத்தில் பிறந்தவளை ஆற்றோரத்தில், அவள் பெயர்கூடத் தெரியாதவர்கள் நடுவில் எரித்தேன்.

காப்பு அவிழ்க்கும்வரை செங்கல்பட்டிலேயே தோழியின் அறையில் இருந்தேன். பகலில் ஏரிக்கரையில் போய் உட்காருவேன். இந்நேரம் கூழ் ஊற்றுவார்கள், இந்நேரம் தேர் நிலைக்கு வந்திருக்கும் என்று தோன்றும். இந்நேரம் ஜைபூம்மா விளக்கு வைத்திருப்பாள் என்றும் தோன்றும். அந்த வீட்டில் மட்டும் அம்மா இன்னும் உயிரோடு இருந்தாள். அதைக் கலைக்கப் போகிறவள் நான் ஒருத்திதான்.

பத்தாம் நாள் கடந்ததும் ஊருக்குப் போனேன். தெருவில் தோரணம் இன்னும் அவிழ்க்கவில்லை. தனம் தூரத்திலிருந்தே கத்தினாள். “இன்னாடி, நீ மட்டும் வரே? அம்மா எங்க? தேரு சூப்பரா போச்சு, இந்த வருசம் பேண்டு செட்டு வெச்சோம்!”

நான் நடந்துகொண்டே இருந்தேன். ஜைபூம்மா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் சாலையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தொரை என் பையை மோந்து பார்த்தது. பையில் அம்மா புடவை இருந்தது.

“எப்போ?” என்றாள்.

சொன்னேன்.

“அன்னிக்கு அந்தியில வெளக்கு வெச்சிகினே அவளத் திட்டினேன். திரி இல்ல, ஒண்ணுமில்ல, இன்னா வூடு நடத்துறா இவன்னு.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அழுதபோது தொரை அவள் மடியில் முகத்தை வைத்தது. அவள் தள்ளவில்லை.

மாமாவுக்கு நான் போய்ச் சொல்லவில்லை. ஊர் போய்ச் சொன்னது. அவர் வந்து வாசல் மணலில் உட்கார்ந்தார். “ஊருக்காகவா போனா?” என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். மொட்டையடித்துக்கொண்டு பதினாறாம் நாள் காரியத்தை அவர்தான் செய்தார். என்னிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

விடுப்பு முடிந்தது. ஜைபூம்மா கோவளத்துக்குத் திரும்பவில்லை. “தம்பி வூட்டு மூலைக்கு இந்த வூட்டு மூலை பெருசு. நீ போயிட்டு வா” என்றாள். ஊரும் ஒன்றும் சொல்லவில்லை.

6

ஒரு வருஷம் ஓடிவிட்டது. காலையில் வார்டு, சாயங்காலம் கடை, இரவு துணி தோய்த்தல். கேட்கிறவர்களிடம் அம்மா போன வருஷம் இறந்துபோனாள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிவிட்டேன். இந்த மொழியில் அதைச் சொல்வது சுலபமாக இருக்கிறது. அதுவே எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

போன மாதம் ஜைபூம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. தபால்காரரைக் கொண்டு எழுதியிருந்தாள். தொரை அவரோடு சமாதானம் ஆகிவிட்டது போலும். பழவேற்காட்டில் இருக்கும் அவள் மகளுக்கு ஆடியில் பிரசவம். காப்பு கட்டிவிட்டால் அவளால் போக முடியாது. அதற்கு முன்னால் வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருந்தாள். வீட்டைப் பூட்டிவிடலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்களாம். “பூட்டலாம். தொரை பூட்டுன வூட்டு வாசல்ல படுத்துகினு இருக்கும். அது எனக்கு ஆவல” என்று கடைசி வரி.

நாயை இங்கே கொண்டுவர முடியுமா என்று விசாரித்தேன். இந்த நாட்டுச் சட்டப்படி ஆறு மாதம் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்களாம். அலுவலகத்தில் இருந்த பெண் மிக மரியாதையாகத்தான் சொன்னாள். கடல்மணலில் ஓடுகிறதைக் கூண்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து ஊரில் யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். தனம்? அவள் பாய் விரித்தால் சுருட்ட மாட்டாள். மாமா வீடு? தொரை அந்தப் பக்கமே போகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு குறை சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் எனக்குப் பொருந்தவில்லை. வீட்டை யாரிடமும் விட மனமில்லாதவள்தான் அப்படிக் குறை தேடுவாள் என்று அப்போது புரிந்தது.

மேட்ரனிடம் போனேன். நீண்ட விடுப்பு வேண்டும் என்றேன்.

“போன வருஷம் போன இடத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இப்போது யாருக்கு உடம்பு சரியில்லை?”

“யாருக்கும் இல்லை. வீட்டில் ஆள் இல்லை. ஒரு நாய் இருக்கிறது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார். சம்பளம் இல்லாத விடுப்புத் தரலாம், ஆனால் திரும்பும்போது இந்த வேலை காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, யோசித்துச் சொல் என்றார். யோசிப்பதற்கு வெளியே போகவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

மார்கரெட் திரும்பி வந்த மறுநாள் எனக்கு விமானம். சீட்டு வாங்கிவிட்டேன். அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். இன்று காலை தபால் நிலையத்தில் வரிசையில் நின்று ஜைபூம்மாவுக்குத் தந்தி கொடுத்தேன். நீங்கள் மகளிடம் புறப்படுங்கள், காப்புக்கு முன்னால் வந்துவிடுவேன், வீட்டில் நான் இருக்கிறேன் என்று.